பழைய காரின் வயரிங்கும் ரேடியோவும்: எதைச் சரி செய்வது, எதை மாற்றுவது?

டேஷ்போர்டில் அசல் ரேடியோ அப்படியே இருக்கிறது, ஆனால் பாடவில்லை. சரி செய்யக் கொடுக்கலாமா, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கலாமா? பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பேச்சு நீண்டால் இன்னும் சில வந்து சேரும். வயரிங் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டுமா? 6 வோல்ட் காரை 12 வோல்ட் ஆக்கலாமா? எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் புதிய வகையான ஆல்டர்னேட்டர் போடலாமா?

இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாக எடுத்துக்கொண்டு முதலில் ரேடியோவில் கை வைத்தால் செலவு இரட்டிப்பாகும். 6 வோல்ட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் சரி செய்த ரேடியோவை, கார் 12 வோல்ட்டுக்கு மாறிய பிறகு மறுபடி பிரிக்க வேண்டிவரும். பேட்டரியின் எந்த முனை எர்த், அதாவது காரின் பாடியோடு இணைவது, என்பதைத் தீர்மானிக்காமல் வாங்கிய புது செட், இணைத்த மாத்திரத்தில் கருகலாம். அதனால் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: முதலில் வயரிங், அடுத்து வோல்ட்டேஜும் எர்த்தும், பிறகு சார்ஜிங், கடைசியில் ரேடியோ. கட்டுரையும் இதே வரிசையில் போகிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். டேஷ்போர்டில் போட்ட ஓட்டையை மூட முடியாது. ரேடியோவிலிருந்து கழற்றி எறிந்த பாகம் திரும்ப வராது. ஆனால் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்த ஆம்ப்ளிஃபயரை அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். இரண்டு வழிகள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால், திரும்பிவரக்கூடிய வழியையே எடுங்கள்.

கார் எப்படி ஓடப் போகிறது? கண்காட்சிக்குப் போகும் கார், விடுமுறை நாளில் பகலில் ஓடும் கார், மழையிலும் இரவிலும் ஓட வேண்டிய கார் ஆகிய மூன்றுக்கும் மின்சாரத் தேவை வேறு வேறு.

தீப்பிடிக்கும் அபாயம். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். அசல் தன்மை முக்கியம்தான். ஆனால் வெடித்துப்போன ரப்பர் உறையில் காப்பாற்றுவதற்கு எதுவுமில்லை.

கேட்க நிலையம் இருக்கிறதா? அந்தக் காலத்து ரேடியோக்களில் பெரும்பாலானவை மத்திய அலை (மீடியம் வேவ்) மட்டுமே பிடிக்கும். ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிலையங்கள் 2015 முடிவதற்குள் மத்திய அலையைக் கைவிட்டன. எஃப்.எம்.மும் என்றென்றைக்கும் இருக்கப் போவதில்லை. நார்வே 2017-இல் நாடு தழுவிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது, சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு 2024 முடிவில் நிறுத்தியது. நீங்கள் ஓட்டும் வட்டாரத்தில் இரவிலும் பகலிலும் என்ன கிடைக்கிறது என்று ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலையை யார் செய்வார்? டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ரேடியோ தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாகங்களுக்கு ஆகும் செலவு சிறியது, கூலியும் காத்திருப்பும்தான் பெரியவை.

## வயரிங்: ஒட்டுப்போடுவதா, அதே மாதிரி புதிதா, நவீன ஃபியூஸ் பெட்டியா?

முதலில் ஒரு சோதனை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும் வயரில் சூடு அதிகம் படும் ஓர் இடத்தை எடுத்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். 1950களுக்கு முந்தைய கார்களில் துணி உறைக்கு அடியில் ரப்பர் இருக்கும். அது கெட்டியாகி, வளைத்தால் வெடித்துப் பொடியாக உதிரும். ஓர் இடத்தில் உதிர்ந்தால் மற்ற இடங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு வந்த பி.வி.சி. உறை இவ்வளவு சீக்கிரம் போகாது. அங்கே கோளாறு பெரும்பாலும் இணைப்புகளில் இருக்கும், அல்லது இடையில் வைத்திருந்தவர்கள் கிள்ளி இழுத்த கூடுதல் வயர்களில் இருக்கும்.

ஒட்டுப்போடுதல். பி.வி.சி. நன்றாக இருக்கிறது, சிக்கல் நாலைந்து இடங்களில் மட்டும்தான் என்றால் இதுவே போதும். குண்டு வடிவ முனையைச் செருகும் பழைய புல்லட் இணைப்புகளின் உறைகளை மாற்றி, எர்த் பிடிக்கும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக இறுக்கினாலே பாதி நோய் போய்விடும். மங்கலான விளக்கு, ஒன்றைப் போட்டால் இன்னொன்று மினுக்குவது, மீட்டர் முள் ஆடுவது, இவையெல்லாம் பெரும்பாலும் எர்த் கோளாறுகள். ரப்பர் வயருக்கு மட்டும் ஒட்டுப்போடாதீர்கள். பழுது பார்க்கும்போது அசைக்கிற அசைவிலேயே பக்கத்து வயர் வெடிக்கும்.

அசல் மாதிரியே புதிய ஹார்னஸ், அதாவது மொத்த வயர்க் கட்டு. உள்ளே பி.வி.சி., வெளியே பருத்திப் பின்னல், அதே நிறக் குறிகள் என்று செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். நிறங்கள் அப்படியே இருப்பதன் அருமை பழுது வரும்போது தெரியும். பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் முறையில் பழுப்பு என்றால் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா, சாவி இல்லாமலே ஃபியூஸ் வழியாக வருவது. சிவப்பு பக்க விளக்குகளுக்கும் பின் விளக்குகளுக்கும், நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பழைய கையேட்டின் வரைபடம் கையில் விளக்கு பிடித்த மாதிரி வழிகாட்டும்.

இதன் மறைமுகச் செலவு உழைப்பு. ஹார்னஸ் பெட்டியில் வந்து இறங்குவது எளிது, டேஷ்போர்டைப் பிரித்து அதைப் போடுவதற்கு நாள் கணக்காகும். பிரிக்கும்போது பழைய சுவிட்சுகள் கையோடு வரும், அவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே இண்டிகேட்டர், ஹெட்லைட் ரிலே (பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம் விடும் மின் சுவிட்ச்), ரேடியோ ஆகியவற்றுக்குக் கூடுதல் வயர்களைச் சேர்த்துத் தரச் சொல்லிவிடுங்கள். பின்னால் தனியாக இழுப்பது அசிங்கமாகவும் ஆபத்தாகவும் முடியும்.

நவீன ஃபியூஸ் பெட்டியுடன் பொது ஹார்னஸ். பத்துப் பன்னிரண்டு தகட்டு ஃபியூஸ்கள், எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு. எஞ்சினே மாறிவிட்ட கார், மின்விசிறியும் ஏ.சி.யும் ஏறிய கார் என்றால் இதுதான் பொருத்தம். ஆனால் நிறங்கள் அந்தத் தயாரிப்பாளரின் நிறங்களாக இருக்கும், பழைய கையேடு பயன்படாது. பத்து வருடம் கழித்து காரைத் தொடுபவருக்காக ஒரு வரைபடம் எழுதி வைப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

என் பரிந்துரை இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்தது. அசல் மாதிரி ஹார்னஸைப் போட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து புறப்படும் பிரதான வயருக்கு ஒரு பெரிய ஃபியூஸ், கூடுதல் சாதனங்களுக்கு மறைவாக ஒரு சின்ன ஃபியூஸ் பெட்டி, பேட்டரிக்கு ஒரு துண்டிப்பு சுவிட்ச் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த கேபிள் அந்த ஃபியூஸுக்கு வெளியே தனியாகப் போக வேண்டும். பல பிரிட்டிஷ் கார்களில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள்தான், ஹெட்லைட்டுக்குக்கூட ஃபியூஸ் கிடையாது. பழுப்பு வயர் ஒரு தகட்டில் உரசினால் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

அந்த இரண்டு ஃபியூஸ்களிலும் ஒரு பொறி இருக்கிறது. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது 35 ஆம்பியரில் உருகும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. இன்று கடையில் 35 என்று கேட்டு வாங்கும் ஃபியூஸ் 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும். எண் ஒன்றாக இருந்தாலும் பாதுகாப்பு பாதியாகிவிட்டது, ஃபியூஸ் உருகுவதற்கு முன் வயர் உருகும்.

## 6 வோல்ட்டிலேயே இருப்பதா, 12-க்கு மாறுவதா?

6 வோல்ட் காரைப் பற்றிய புகார்கள் இரண்டுதான்: காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, இரவில் விளக்கு போதவில்லை. இரண்டுக்கும் காரணம் 6 வோல்ட்தான் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் வழியிலேயே தொலைந்து போகும் வோல்ட்டேஜ்.

கணக்கு எளிது. 45 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் எடுக்கும், 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும். இரட்டை மின்னோட்டம் போவதால் அதே வயரில், அதே துருப்பிடித்த இணைப்பில் இழப்பும் இரட்டிப்பாகும். வழியில் அரை வோல்ட் குறைந்தால் 12 வோல்ட் காருக்கு அது 4 சதவீதம், 6 வோல்ட் காருக்கு 8 சதவீதம். சாதாரண இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜை விட வெகு வேகமாக இறங்கும். 8 சதவீதம் குறைந்தாலே ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் போய்விடும்.

ஆகவே மாற்றுவதற்கு முன் மூன்றைச் செய்து பாருங்கள். 12 வோல்ட் காருக்கான மெல்லிய பேட்டரி கேபிளை யாராவது போட்டிருந்தால் எடுத்துவிட்டு, 6 வோல்ட்டுக்கு உரிய தடித்த கேபிளைப் போடுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே புதிய எர்த் பட்டை கட்டுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள். இதற்குப் பிறகும் மனம் திருப்தியடையாத கார்கள் குறைவு.

மாறினால் வரும் பட்டியல் நீளமானது: பல்புகள், இக்னிஷன் காயில், ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்குவது), ஹாரன், டைனமோ, ரெகுலேட்டர், வைப்பர் மோட்டார், ஹீட்டர் மோட்டார். ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் 12 வோல்ட்டைச் சில நொடிகள் தாங்கிக்கொள்ளும் என்பதால் பலரும் அப்படியே விடுகிறார்கள். சுழற்சியின் வேகத்தில் பல்சக்கரத்துக்கு அடி விழும் என்பதை நினைவில் வைத்து, சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விட வேண்டும். மீட்டர்களுக்கு வெறும் ரெசிஸ்டர் வைத்தால் முள் சரியாகக் காட்டாது, நிலையான வோல்ட்டேஜ் தரும் சின்ன ரெகுலேட்டர் தேவை.

ரேடியோவுக்கு மாற்றம் இன்னும் கசப்பானது. 6 வோல்ட் வால்வு செட் 6 முதல் 8 ஆம்பியர் வரை எடுக்கும். அதற்கு 12-ஐ 6 ஆக்கித் தரும் கன்வர்ட்டர் வைக்கலாம். மலிவான கன்வர்ட்டர்கள் மத்திய அலையில் இரைச்சலைக் கொட்டும், அசல் ரேடியோவைக் காப்பாற்றிய பலன் அந்த இரைச்சலிலேயே போய்விடும்.

இரவில் நெடுஞ்சாலையில் ஓடும் கார், அல்லது 6 வோல்ட் பல்பும் பேட்டரியும் வாங்குவதே சிரமம் என்ற நிலை இருந்தால் மாறுங்கள். அசல் ரேடியோவும் மீட்டர்களும் வேலை செய்யும் பகல் காரை 6 வோல்ட்டிலேயே விட்டுவிடுங்கள். அமெரிக்க ஃபோர்டு கார்கள் 1955 வரை 6 வோல்ட்டில்தான் நாடு முழுக்க ஓடின, அப்போது அவற்றின் வயர்கள் புதிதாக இருந்தன.

## பாசிட்டிவ் எர்த்: மாற்றலாமா?

பிரிட்டிஷ் கார்கள் பல 1960களின் நடுப்பகுதி தாண்டியும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையையே பாடியில் இணைத்து வந்தன. 1955 வரையிலான அமெரிக்க ஃபோர்டுகளும் அப்படித்தான். இது ஒரு குறை அல்ல. இன்றைய சாதனங்கள் எல்லாம் நெகட்டிவ் எர்த் என்று எடுத்துக்கொண்டு செய்யப்படுகின்றன என்பதுதான் தொல்லை.

மாற்றுவது ஒரு மதிய வேலை. பேட்டரி முனைகளை மாற்ற வேண்டும், முனைகளின் பருமன் வேறு என்பதால் கிளாம்ப்புகளும் மாறும். டைனமோவின் ஃபீல்டு என்ற காந்தச் சுருளுக்குப் பேட்டரியிலிருந்து ஒரு நொடி மின்சாரம் காட்டி அதன் காந்தத் திசையைப் புதுப்பிக்க வேண்டும். காயிலின் இரண்டு சிறு வயர்களையும் அம்மீட்டர் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும், சுருள் ஃபீல்டு உள்ளவை கவலைப்படாது. மின்னணு டேகோமீட்டர் (எஞ்சின் சுழலும் வேகம் காட்டுவது), மின்சார எரிபொருள் பம்ப், கடிகாரம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ரேடியோ எப்படியிருக்கும்? சாதாரண வைப்ரேட்டர் (பேட்டரி மின்சாரத்தைத் துண்டு துண்டாக்கும் பாகம்) வைத்த வால்வு செட்டுக்கு எந்த எர்த்தும் ஒன்றுதான். வைப்ரேட்டரே மின்சாரத்தை நேர்ப்படுத்தும் வேலையையும் சேர்த்துச் செய்யும் வகை என்றால் திசை முக்கியம். டிரான்சிஸ்டர் செட்டைத் தவறான எர்த்தில் கொடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. சில செட்களில் திசை மாற்றும் சுவிட்சோ பிளக்கோ இருக்கும், பின்பக்கம் தேடிப் பாருங்கள்.

மாற்ற விரும்பவில்லை என்றால், மொபைல் சார்ஜரிலும் ஆடியோ வயரிலும் எச்சரிக்கை வேண்டும். சார்ஜர் பேட்டரியோடு சேர்ந்து தலைகீழாக உட்கார்ந்திருக்கும். மொபைலின் ஆடியோ எர்த் ரேடியோ பெட்டியைத் தொட்டால் அது நேரடி ஷார்ட் ஆகிவிடும். இடையில் ஓர் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும், சார்ஜருக்கு உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்த கன்வர்ட்டரும் இருந்தால் பயமில்லை. எல்.இ.டி. பல்பு போடுவதாக இருந்தாலும் பாசிட்டிவ் எர்த்துக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். கூடவே ஃபிளாஷரையும் மாற்றுங்கள். பழைய ஃபிளாஷர் பல்பு எடுக்கும் மின்சாரத்தின் சூட்டில்தான் துடிக்கிறது, எல்.இ.டி. எடுக்கும் சொற்பத்துக்கு அது அசையாது.

## டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

1960 வாக்கில் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி 40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான். இரவில் மழை பெய்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஹெட்லைட் 7.5, பக்க விளக்குகளும் பின் விளக்குகளும் 2, இக்னிஷன் 3, வைப்பர் 2 அல்லது 3, ஹீட்டர் விசிறி 3, வால்வு ரேடியோ 3 அல்லது 4. கூட்டினால் 22-ஐத் தொட்டுவிடும். சிக்னலில் நின்றால் டைனமோ ஏதும் தராது, எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகும்.

பகலில் ரேடியோவோடு ஓடுவதற்கு டைனமோ தாராளம். இரவு, மழை, நெரிசல் மூன்றும் சேர்ந்தால் ஆல்டர்னேட்டரை யோசிக்கலாம். பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த் கேட்கும், ஆகவே மேலே சொன்ன முடிவு முன்னதாக வர வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரைத் தடிமனாக்க வேண்டும். 30 ஆம்பியர் வரை காட்டும் பழைய அம்மீட்டர் வழியாக அதற்கு மேல் ஓடவிடக் கூடாது. சார்ஜிங் எச்சரிக்கை விளக்கை எடுத்துவிடக் கூடாது, பல வகைகளில் அந்தச் சின்ன பல்பின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் உயிர் கிடைக்கிறது. வெளித்தோற்றத்தில் டைனமோ போலவே இருக்கும் ஆல்டர்னேட்டர்களும் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் பழைய டைனமோவை அலமாரியில் வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்பதால் எனக்கு அவற்றின் மேல் மதிப்பு உண்டு.

## இனி ரேடியோ: உங்களிடம் இருப்பது எந்தத் தலைமுறை?

கால்வின் நிறுவனம் 1930-இல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத் தொடங்கி 1950களின் நடுப்பகுதி வரை கார் ரேடியோ என்றால் வால்வு, வைப்ரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர். வைப்ரேட்டர் என்பது நொடிக்கு நூறு முறைக்கு மேல் தொட்டுப் பிரியும் ஒரு நாக்கு. பேட்டரியின் நேர்மின்சாரத்தை அது துண்டு துண்டாக்க, டிரான்ஸ்ஃபார்மர் 200 வோல்ட்டுக்கு மேல் ஏற்றித் தரும். ஆன் செய்ததும் மெல்லிய ரீங்காரம் கேட்டால் அது வைப்ரேட்டர்.

1950களின் இறுதியில் வந்தவை கலப்பு ரகம். 12 வோல்ட்டிலேயே வேலை செய்யும் சிறப்பு வால்வுகளும், ஸ்பீக்கரை இயக்க ஒரே ஒரு ஜெர்மானியம் பவர் டிரான்சிஸ்டரும் இருக்கும், வைப்ரேட்டர் இருக்காது. ஃபில்கோ செய்த முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவை கிரைஸ்லர் 1955-இல் அறிவித்தது. அடுத்த பத்தாண்டில் வால்வு மறைந்தது.

பின்பக்க மூடியைத் திறந்து இந்த மூன்றில் எது என்று பார்த்தபிறகுதான் கீழுள்ள வழிகளின் செலவு உங்களுக்கு விளங்கும்.

### வழி 1: அசல் சுற்றையே சரி செய்வது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

முதல் விதி: பல வருடம் தூங்கிய ரேடியோவை "பாடுகிறதா பார்ப்போம்" என்று பேட்டரியில் கொடுக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் உயர் வோல்ட்டேஜ் பக்கத்தில் பஃபர் கண்டென்சர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஒன்று இருக்கும். பழையது ஷார்ட் ஆனால் வைப்ரேட்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே கொண்டுபோகும். டிரான்ஸ்ஃபார்மர் போனால் அந்த ரேடியோவின் கதை கிட்டத்தட்ட முடிந்தது. எனவே முதலில் மாறுவது அதுதான். 1600 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குவதாகவும், மதிப்பு அசலில் உள்ளதாகவே இருக்கவும் வேண்டும். அந்த மதிப்பு டிரான்ஸ்ஃபார்மரோடு பொருத்தி வைத்தது, கையில் கிடைத்ததைப் போடக் கூடாது.

அடுத்து மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் அனைத்தும், எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் அனைத்தும், மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டர்களும் மாறும். வைப்ரேட்டரின் முனைகள் துருவேறியிருந்தால் சுத்தம் செய்யலாம், அல்லது அதே குழியில் செருகும் மின்னணு வைப்ரேட்டர் வாங்கலாம். வாங்கும்போது எந்த எர்த் என்று சொல்ல வேண்டும். வால்வுதான் கிடைக்காது என்று பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது வால்வைத்தான், பெரும்பாலான செட்களில் அவை இன்னும் உயிரோடு இருக்கும்.

மறைமுகச் செலவுகள் மின்சாரத்துக்கு வெளியே இருக்கின்றன. பட்டன் அழுத்தினால் நிலையம் தாவும் இயந்திரத்தில் கிரீஸ் இறுகியிருக்கும். அலைவரிசை மாற்றும் ஃபெரைட் தண்டுகள் எளிதில் உடையும். ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருக்கும். மாற்று ஸ்பீக்கர் வாங்கும்போது ஓம் அளவைப் பாருங்கள். அமெரிக்க டெல்கோ டிரான்சிஸ்டர் செட்களில் 10 ஓம் ஸ்பீக்கர் உண்டு, அங்கே 4 ஓம் வைத்தால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் சூடாகிச் சாகும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்வதும் கலப்பு ரகத்துக்கு ஆகாது.

ஐரோப்பிய டிரான்சிஸ்டர் செட்களில் ஏ.எஃப். 114 முதல் 117 வரையிலான ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தால் ஒரு தனிக் குறிப்பு. அவற்றின் உலோக உறைக்குள் நுண்ணிய தகர இழைகள் தானாக வளர்ந்து உள்ளே ஷார்ட் ஆக்கும். ரேடியோ ஒருபோதும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். உறைக்குப் போகும் நான்காவது காலைத் துண்டித்தால் பல சமயம் மீண்டும் பாடும்.

வேலை தெரியாதவர்கள் வால்வு செட்டில் கை விட வேண்டாம். ஆஃப் செய்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் நிற்கும்.

இந்த வழி யாருக்கு? வட்டாரத்தில் மத்திய அலை நிலையங்கள் உள்ளவர்களுக்கும், காரின் அசல் தன்மைக்கு மதிப்பு உள்ள இடங்களுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும். பெக்கர் மெக்சிகோ போன்ற செட் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். 1953-லேயே எஃப்.எம்.மும் தானாக நிலையம் தேடும் வசதியும் கொண்டிருந்த ரேடியோ அது.

### வழி 2: முகம் பழையது, உள்ளே புதியது

அசல் பெட்டி, டயல், குமிழ்கள் அப்படியே இருக்கும். உள்ளே எஃப்.எம்., புளூடூத், நான்கு ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயர் கொண்ட சிறு பலகை உட்காரும். தினமும் ஓட்டுபவருக்கு வசதியில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. மின்சாரமும் வால்வு செட்டை விடக் குறைவாக எடுக்கும்.

இழப்பும் அதே அளவு பெரியது. கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர், காயில்கள், டியூனர் ஆகியவற்றைத் தூக்கி எறிந்த கணத்திலிருந்து அந்த ரேடியோ வெறும் பெட்டி. பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும் முன்பே "கழற்றிய எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். டயலில் மத்திய அலை எண்கள்தான் இருக்கும், முள் எங்கே நின்றால் எந்த எஃப்.எம். நிலையம் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். பலகை நெகட்டிவ் எர்த் என்றால், பாசிட்டிவ் எர்த் காரில் பெட்டியிலிருந்து காப்பிட்டுப் பொருத்த வேண்டும். அதைச் செய்து தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்த செட், உள்ளே பாதி காணாமல் போன செட், ஆயிரக்கணக்கில் வந்த சாதாரண மாடல், இந்த மூன்றுக்கும் இது நியாயமான வழி. வேலை செய்யும் நிலையில் உள்ள அபூர்வ செட்டை இப்படிக் குடைந்தெடுப்பது எனக்கு ஒப்பாத காரியம்.

### வழி 3: அசலைத் தொடாமல் இன்னொன்றை ஒளித்து வைப்பது

கையுறைப் பெட்டியிலோ சீட்டுக்கு அடியிலோ ஒரு புளூடூத் ஆம்ப்ளிஃபயர், கால்வைப்பில் இரண்டு ஸ்பீக்கர். டேஷ்போர்டில் அசல் ரேடியோ ஓய்வில் இருக்கும். முழுக்கத் திரும்பிவரக்கூடிய வழி. பணம் சேரும்போது அசலைச் சரி செய்துகொள்ளலாம். தயங்கி நிற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அசல் ரேடியோ ஏற்கெனவே பாடுகிறது, ஆனால் கேட்க நிலையம் இல்லை என்றால் இன்னும் அழகான ஏற்பாடு உண்டு. மொபைலின் ஒலியை மத்திய அலையாக மாற்றி ஏரியல் குழியில் நேராகக் கொடுக்கும் சின்ன மாடுலேட்டரை இடையில் செருகினால், பாட்டு பழைய ரேடியோவின் வழியாகவே வரும், டயல் வெளிச்சம், வால்வின் ஒலி எல்லாவற்றோடும். காற்றில் ஒலிபரப்பும் வகையை எடுப்பதானால் உங்கள் நாட்டின் சட்டம் எவ்வளவு சக்தியை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

### வழி 4: பழைய தோற்றத்தில் புது செட்

இரண்டு குமிழ், குரோம் முகம், அசல் துளைகளிலேயே பொருந்தும் அளவு. காரில் ரேடியோவே இல்லை, அல்லது முன்பு கார் வைத்திருந்தவர் டேஷ்போர்டை ஏற்கெனவே வெட்டிவிட்டார் என்றால் போடலாம். 12 வோல்ட் நெகட்டிவ் எர்த் காருக்கே பெரும்பாலும் பொருந்தும். இதற்காகப் புதிதாக வெட்டாதீர்கள்.

| | அசலைச் சரி செய்தல் | உள்ளே மாற்றுதல் | ஒளித்து வைத்தல் | புது செட் |
|---|---|---|---|---|
| திரும்ப முடியுமா | மாற்றமே இல்லை | பாகங்களை வைத்திருந்தால் ஓரளவு | முழுக்க | டேஷ்போர்டு வெட்டாவிட்டால் |
| கேட்கக் கிடைப்பது | பெரும்பாலும் மத்திய அலை | எஃப்.எம்., புளூடூத் | மொபைலில் உள்ள எல்லாம் | எஃப்.எம்., புளூடூத் |
| 6 வோல்ட் காரில் | இயல்பாகப் பொருந்தும் | கேட்டுச் செய்ய வேண்டும் | கன்வர்ட்டர் தேவை | கன்வர்ட்டர் தேவை |
| மறைமுகச் செலவு | காத்திருப்பு, ஸ்பீக்கர், இயந்திரப் பாகங்கள் | அசல் மதிப்பு இழப்பு | ஸ்பீக்கருக்கு இடம் | பொருத்தும் சட்டங்கள் |
| பொருந்தும் கார் | அசல் நிலையில் உள்ளது | தினமும் ஓடுவது, செட் கெட்டது | முடிவெடுக்காதது | ரேடியோ இல்லாதது |

## எந்த வழிக்கும் பொதுவானது: இரைச்சல்

ரேடியோவைச் சரி செய்தும் எஞ்சின் ஓடும்போது கரகரப்பு வந்தால் குற்றம் ரேடியோவில் இல்லை. எஞ்சினை முடுக்கும்போது "டிக் டிக்" என்று வேகமெடுத்தால் அது இக்னிஷன். ரெசிஸ்டர் உள்ள பிளக் வயர்களும், காயிலின் பேட்டரி பக்க முனையில் இரைச்சலை அடக்கும் 1 மைக்ரோஃபாரட் சப்ரசர் கண்டென்சரும் போதும். அந்தக் கண்டென்சரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் வைத்தால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. வேகத்தோடு ஏறி இறங்கும் சிணுங்கல் என்றால் சார்ஜிங். டைனமோவின் பெரிய முனையில் அதே மாதிரி ஒன்று வையுங்கள், ஃபீல்டு முனையில் ஒருபோதும் வேண்டாம், ரெகுலேட்டரின் தொடுமுனைகள் கருகும். பானெட்டுக்கும் பாடிக்கும் இடையே ஓர் எர்த் பட்டை கட்டினால் மிச்சமும் குறையும்.

ஏரியலை மாற்றியிருந்தால் ரேடியோவில் ஏரியல் டிரிம்மர் என்ற சிறு திருகைத் தேடுங்கள். டயலை 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ள பலவீனமான நிலையத்தில் வைத்து, ஏரியலை முழுக்க நீட்டி, ஒலி மிக அதிகமாகும் இடத்தில் அதை நிறுத்துங்கள். சாதாரண டிவி கேபிளைக் கொண்டு ஏரியல் வயரை நீட்டினால் மத்திய அலையில் பாதி வலு அதிலேயே போய்விடும், கார் ரேடியோவுக்கு என்று தனியாக வரும் கேபிளையே வாங்குங்கள்.